ஒரு டிக் பெட்டி எப்போது தேவை? திறமூல மென்பொருளில் செட்டிங்குகளும் எளிமையும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ பாசார் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. கல்லாவில் திறமூல (மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய) பில் மென்பொருள் ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாமான்களின் மொத்தம் 47 வெள்ளி 83 காசு. வாடிக்கையாளர் ரொக்கமாகக் கொடுத்தால் 47.85 வாங்க வேண்டும். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கப் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 காசுக்குக் கொண்டுவருகிறார்கள். கார்டிலோ மின்பணப்பையிலோ கட்டினால் 47.83 தான், அதில் மாற்றமில்லை.

மென்பொருளின் செட்டிங் பக்கத்தில் '5 காசுக்கு முழுமையாக்கு' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. கடைக்காரர் டிக் போட்டால் கார்டுப் பில்லும் 47.85 ஆகிவிடும். "ஏன் தம்பி, கார்டுல ரெண்டு காசு கூட எடுக்குது?" என்று வாடிக்கையாளர் கேட்பார். கல்லாவில் இருப்பவர் கார்டு இயந்திரத்தில் 47.83 என்று சரியாகவே தட்டினால், இரவு கணக்கு முடிக்கும்போது பில் தொகையும் வங்கித் தொகையும் ஒத்துப்போகாது. ஒரு நாளில் 60 கார்டுப் பில் போனால் வித்தியாசம் ஒரு வெள்ளி இருபது காசு வரை போகலாம். சின்னத் தொகைதான். ஆனால் கணக்கு இடிக்கும் கடையில் மென்பொருளை யாரும் நம்ப மாட்டார்கள். டிக்கை எடுத்துவிட்டால் ரொக்கப் பில் தப்பாகும். எப்படி வைத்தாலும் பாதி பில் தவறு.

இந்த டிக் பெட்டியே இருந்திருக்கக் கூடாது. பணம் ரொக்கமா கார்டா என்பதை மென்பொருள் ஏற்கெனவே கேட்டு வாங்கியிருக்கிறது. அதை வைத்துத் தானே முடிவெடுத்திருக்கலாம். 'ஒவ்வொரு பொருளுக்கும் முழுமையாக்கவா, மொத்தத்துக்கு மட்டுமா' என்று இரண்டாவதாக ஒரு பெட்டி வைக்கும் மென்பொருள்களும் உண்டு. விதி மொத்தத்துக்கு மட்டும்தான். 3 காசில் முடியும் பத்துப் பொருள்களைத் தனித்தனியே முழுமையாக்கினால் பில் 20 காசு ஏறிவிடும். தவறான விடையைத் தேர்வாக வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

இதே மென்பொருளில் சேவை வரி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூன் 1-இல் அது சுழியமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. 2024 மார்ச் 1-இல் சேவை வரி 8 விழுக்காடானது. உணவு, பானம், தொலைத்தொடர்பு போன்ற சில சேவைகள் மட்டும் 6 விழுக்காட்டிலேயே நின்றன. இதை எந்த நிரலராலும் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது. நிரலுக்குள் '6' என்று எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் புதுப் பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது. இங்கே செட்டிங் கட்டாயம் வேண்டும்.

இந்த இரண்டையும் பிரிக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் பயனருக்குத் தெரிந்த எது மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை? விடை இருந்தால் செட்டிங் வைக்கலாம். 'அப்படி எதுவும் இல்லை, நாங்கள்தான் முடிவுக்கு வர முடியவில்லை' என்பது விடையானால், செட்டிங் வைப்பது நம் வேலையைப் பயனர் தலையில் கட்டுவது.

செட்டிங்குகள் ஏன் சேர்ந்துகொண்டே போகின்றன

திறமூலத் திட்டங்களில் இது தனி நோயாகவே இருக்கிறது. ஒருவர் பில்லில் கடை முத்திரை மேலே வர வேண்டும் என்கிறார், இன்னொருவர் கீழே என்கிறார். விவாதம் நீள்கிறது. மூன்றாமவர், 'சரி, ஒரு செட்டிங் போட்டுவிடலாமே' என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. நிரலில் பத்து வரிதான். அதை எழுதி அனுப்பியவர் அடுத்த மாதம் வேறு திட்டத்துக்குப் போய்விடுவார். அந்தப் பத்து வரியைப் பல ஆண்டுகள் சுமப்பது திட்டத்தைத் தொடர்ந்து நடத்தும் பராமரிப்பாளர்கள்.

சுமை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆம், இல்லை என்ற இரண்டே நிலை உள்ள செட்டிங்குகள் பத்து இருந்தால், மென்பொருள் 1,024 விதமாக நடந்துகொள்ள முடியும். இருபது இருந்தால் பத்து லட்சத்துக்கு மேல், அதாவது 10,48,576. முப்பது என்றால் ஒரு பில்லியனைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் யாரும் சோதிப்பதில்லை. இயல்புநிலையில் (எதையும் மாற்றாமல் நிறுவியபடியே) ஒரு முறை, பராமரிப்பாளர் தன் கணினியில் வைத்திருக்கும் நிலையில் ஒரு முறை, அவ்வளவுதான். மீதியெல்லாம் பயனர் கையில்தான் முதன்முதலாக ஓடுகிறது. பிழை வந்தால் 'உங்கள் செட்டிங் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள்' என்பதில் உரையாடல் தொடங்கும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பு இன்னொரு செலவு. ஒவ்வொரு செட்டிங்குக்கும் குறைந்தது இரண்டு வாசகம் வேண்டும்: பெயர் ஒன்று, விளக்கம் ஒன்று. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நம் ஊருக்கு நான்கு மொழி. 50 செட்டிங் என்றால் 400 வாசகங்கள். தமிழ் வாசகம் ஆங்கிலத்தைவிட நீளமாக வருவது வழக்கம் என்பதால் பெட்டிக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். பாதி வெட்டுப்பட்ட 'முழுமையாக்கலை முட...' என்ற வரியைப் பார்த்துக் கடைக்காரர் எதைத் தீர்மானிப்பார்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புத் தேர்வுகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். இருக்கின்றன. கைக்கடிகாரம் முதல் மீத்திறன் கணினி வரை ஒரே மூலநிரல் ஓட வேண்டும் என்பதால் அது தேவையும்கூட. ஆனால் அங்கே தேர்வுகளைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றித் தொகுத்துப் பார்ப்பதற்கென்றே தானியங்கி இயந்திரங்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. எந்தத் தேர்வு எதைச் சார்ந்தது என்று எழுத ஒரு தனி மொழியே உண்டு. அந்தத் தேர்வுகளைத் தொடுபவர்களும் பெரும்பாலும் உபுண்டு போன்ற லினக்ஸ் வினியோகத் தொகுப்புகளைத் தயாரிப்பவர்கள்தான். மூன்று பேர் வார இறுதியில் நடத்தும் திட்டம் இதை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது.

குறைத்ததும் கூட்டியதும்

2002 ஜூனில், லினக்ஸில் சாளரங்களையும் பட்டிகளையும் காட்டும் க்னோம் மேசைச்சூழலின் 2.0 பதிப்பு வந்தபோது, முந்தைய பதிப்பில் இருந்த செட்டிங்குகளில் நிறைய காணாமல் போயிருந்தன. அந்தச் சமயத்தில் க்னோம் நிரலர் ஹாவக் பென்னிங்டன் எழுதிய கட்டுரை இன்றும் படிக்க வேண்டியது. விருப்பத்தேர்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்காமல் சேர்க்காதீர்கள் என்பது அவர் வாதம். எதிர்ப்பும் கிளம்பியது. 2005 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோமை விட்டுவிட்டு, இன்னொரு மேசைச்சூழலான கேடிஇ-க்குப் போகச் சொன்னார். 2011 ஏப்ரலில் க்னோம் 3 இன்னும் ஒருபடி மேலே போய்ப் பழைய மேசை அமைப்பையே மாற்றியது. விளைவாக, க்னோம் 2-ஐத் தொடர மாட்டே என்ற திட்டமும், லினக்ஸ் மின்ட் என்ற வினியோகத்தின் குழுவிடமிருந்து சின்னமன் என்ற திட்டமும் பிரிந்து வளர்ந்தன.

இதை 'குறைத்தது தவறு' என்று மட்டும் படிப்பது போதாது. செட்டிங்கை எடுக்கும்போது அதன் பின்னால் இருந்த தேவையைத் தீர்த்தார்களா என்பதைப் பார்க்க வேண்டும். தீர்த்த இடங்களில் பயனர்கள் பழகிக்கொண்டார்கள். தீர்க்காத இடங்களில் தேவை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. நீட்சிகள் (பிறர் எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) பெருகின, க்னோம் பதிப்பு மாறும்போதெல்லாம் அவற்றில் பல வேலை செய்யாமல் நின்றன. செட்டிங் பக்கம் சுத்தமானது, ஆனால் செலவு நீட்சி எழுதுபவர்கள் பக்கம் போனது. கேடிஇ எதிர்த் திசையிலிருந்து நடந்து வந்து, இயல்பாக எளிமை, வேண்டும்போது வலிமை என்பதைத் தன் குறிக்கோளாக வைத்துக்கொண்டது.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி எடுத்த வழி எனக்கு இவை இரண்டையும்விடத் தெளிவாகப் படுகிறது. 2013 ஆகஸ்டில் வந்த 23-ஆம் பதிப்பில் செட்டிங் பக்கத்திலிருந்து சில டிக் பெட்டிகளை எடுத்துவிட்டார்கள். அவற்றில் ஒன்று, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை நிறுத்துவது, இன்னொன்று படங்கள் தானாக ஏறுவதை நிறுத்துவது. தெரியாமல் ஒருவர் டிக்கை எடுத்துவிட்டால் பாதி இணையதளங்கள் இயங்காது. அவர் குறை சொல்வது உலாவியைத்தான். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் விசை நிரலிலிருந்து போகவில்லை. முகவரிப் பட்டையில் about:config என்று தட்டி, எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனால் அது அங்கேதான் இருக்கிறது. தேடிப் போகிறவருக்குக் கிடைக்கும், தடுக்கி விழுகிறவர் கையில் சிக்காது.

அடுக்கு அடுக்காக வைப்பது

ஆக, 'செட்டிங் வேண்டுமா வேண்டாமா' என்பதோடு 'எந்த அடுக்கில்' என்பதும் சேர்ந்த கேள்வி. விஎல்சி காணொளி இயக்கியின் விருப்பத்தேர்வுச் சாளரத்தைத் திறந்தால் கீழே இடது மூலையில் 'எளியது', 'அனைத்தும்' என்று இரண்டு பொத்தான் இருக்கும். எளியதில் ஒலி, காணொளி, துணைத்தலைப்பு என்று சில பக்கங்கள். அனைத்தையும் அழுத்தினால் கிளை கிளையாக ஒரு மரம் விரியும். லிப்ரே ஆபிஸ் அலுவலக மென்பொருளில் 'நிபுணர் கட்டமைப்பு' என்ற பொத்தான் மேம்பட்ட தேர்வுகள் பக்கத்துக்குள் ஒதுங்கி இருக்கிறது. இரண்டிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: மேல் அடுக்கில் இருப்பது கீழ் அடுக்கின் சுருக்கம், அதற்கு எதிரான வேறொரு உலகம் அல்ல. எளிய பக்கத்தில் ஒன்றை மாற்றினால் நிபுணர் பக்கத்திலும் மாறியிருக்க வேண்டும்.

பயனருக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டு, அதிலிருந்து பத்தை வருவித்துக்கொள்வது இன்னும் நல்ல உத்தி. பட்டர்வொர்த்தில் தலைமைக் கடையும் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் கிளையும் உள்ள ஒரு வணிகத்தை எண்ணிப் பாருங்கள். பினாங்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு. கெடாவில் வெள்ளி, சனி. ஊழியர் வருகைப் பதிவு மென்பொருள் 'வார விடுமுறை நாள் 1', 'நாள் 2', 'பொது விடுமுறைப் பட்டியல்', 'வாரம் தொடங்கும் நாள்' என்று நான்கு கேள்வி கேட்கலாம். 'எந்த மாநிலம்?' என்று ஒன்றே ஒன்று கேட்டும் முடிக்கலாம். ஜொகூர் 2014-இல் வெள்ளி, சனிக்கு மாறி, 2025 ஜனவரி 1-இல் மீண்டும் சனி, ஞாயிறுக்கு வந்தது. ஆகவே மாநில அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் 'எந்தத் தேதியிலிருந்து' என்ற களம் இருக்க வேண்டும். இல்லையென்றால் 2023-ஆம் ஆண்டின் பழைய வருகைப் பதிவைத் திறக்கும்போது மிகைநேரக் கணக்கெல்லாம் புரண்டுவிடும். வரி விகிதத்துக்கும் இதுவே பொருந்தும்: எண் ஒன்றைச் சேமிக்காதீர்கள், விகிதம், சேவை வகை, தொடங்கும் தேதி மூன்றையும் சேர்த்துச் சேமியுங்கள். 2024 பிப்ரவரி பில்லை ஏப்ரலில் மறு அச்சு எடுத்தால் 6 விழுக்காடுதான் வர வேண்டும்.

மாநிலத்திலிருந்து வருவித்ததை மாற்றவும் வழி விடுங்கள். தனியார் நிறுவனங்கள் மாநில வழக்கத்தையே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த வழி இரண்டாம் அடுக்கில் இருக்கட்டும்.

சில நேரம் செட்டிங் தேவைதான், ஆனால் அது இருக்க வேண்டிய இடம் வேறு. தமிழ் விசைப்பலகை அப்படி. ஒருவர் தமிழ்99-இல் தட்டுவார், இன்னொருவர் அஞ்சல் முறையில் ரோமன் எழுத்து ஒலிப்படி தட்டுவார், பழைய தட்டச்சு அமைப்பில் கை பழகியவர்களும் இருக்கிறார்கள். விரல் பழக்கத்தை எந்த மென்பொருளும் ஊகிக்க முடியாது. ஆனாலும் அதைக் கேட்க வேண்டியது இயங்குதளமும் அதன் உள்ளீட்டுக் கருவியும். லினக்ஸில் ஐபஸ், ஃபிசிட்எக்ஸ் போன்றவை அதற்காகவே இருக்கின்றன. உங்கள் பில் மென்பொருளும் தனியாக ஒரு விசைப்பலகைத் தேர்வு வைத்தால் இரண்டும் மோதும். 'க' தட்டினால் எழுத்து இரண்டு முறை மாற்றப்பட்டு வேறு ஏதோ விழும். இயங்குதளம் சொல்லும் மொழி, தாள் அளவு, இருள் தோற்றம் ஆகியவற்றை அப்படியே ஏற்றுக்கொள்வது நல்ல பழக்கம்.

வடிவமைப்பை மாற்றினாலே செட்டிங் மறைந்துபோகும் இடங்களும் உண்டு. 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்ற டிக் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மலேசியத் தமிழர் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, த/பெ வைத்துத் தந்தை பெயர்தான் வரும். டிக் பெட்டிக்குப் பதிலாக 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே ஒரு நீண்ட களம் வைத்தால் தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவருக்கும் சரியாகும். கேள்வியே எழாது.

இயல்புநிலை மதிப்பு

பெரும்பாலானோர் செட்டிங் பக்கத்தைத் திறப்பதே இல்லை. ஆகவே இயல்புநிலை என்னவோ அதுதான் உங்கள் மென்பொருள். அதைப் பராமரிப்பாளர் விரும்பும் நிலையில் வைக்கக் கூடாது, புதிதாக வருபவருக்குப் பாதுகாப்பான நிலையில் வைக்க வேண்டும்.

2014 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்த ஹார்ட்பிளீட் ஓட்டை ஒரு பாடம். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தின் 1.0.1 வரிசையில் இதயத்துடிப்பு (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது) என்ற நீட்டிப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருந்தது. பெரும்பாலான இணையதளங்களுக்கு அது தேவையே இல்லை. ஆனால் அதில் இருந்த பிழை எல்லோர் நினைவகத்தையும் திறந்துவிட்டது. தொகுக்கும்போது அதை நிறுத்தும் தேர்வு இருக்கத்தான் செய்தது. இருப்பது தெரிந்தால்தானே நிறுத்த முடியும்? மோங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருளும் அப்படியே. கடவுச்சொல் இல்லாமல், எல்லா வலைப்பின்னல் முகவரிகளிலும் திறந்தபடி நிறுவப்பட்ட ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை 2017 ஜனவரியில் அழித்துப் பணம் கேட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் வந்த 3.6 பதிப்பு, தான் இருக்கும் கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே இயல்பாக ஏற்கும்படி மாறியது.

இதற்கு நேர் எதிராக, யாரும் அணைக்கவே கூடாத ஒன்றுக்கு விசை வைத்திருந்தால் அதை எடுத்துவிடலாம். தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்-இல், சலுகைப் பிரிப்பு (ஆபத்தான பகுதியைக் குறைந்த அதிகாரத்தோடு ஓடவிடுவது) என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை அணைக்க ஒரு செட்டிங் இருந்தது. 2017-இல் வந்த 7.5 பதிப்பில் அதை விலக்கிவிட்டு, அந்த ஏற்பாட்டையே கட்டாயமாக்கினார்கள்.

கட்டமைப்புக் கோப்பில் கவனிக்க வேண்டியவை

தொடக்க நிலையில் இருப்பவர்கள் அதிகம் இடறுவது செட்டிங்குகளைச் சேமிக்கும் இந்தக் கோப்பில்தான்.

முதல் முறை ஓடும்போதே எல்லா இயல்புநிலை மதிப்புகளையும் கோப்பில் எழுதி வைக்கும் மென்பொருள்கள் நிறைய. பார்க்க வசதியாகத் தோன்றும். இரண்டு ஆண்டு கழித்து நீங்கள் ஒரு இயல்புநிலையை மேம்படுத்தினால், பழைய பயனர் ஒருவருக்கும் அது போய்ச் சேராது. அவர் கோப்பில் பழைய மதிப்பு உட்கார்ந்திருக்கும். அவர் விரும்பி வைத்ததா, மென்பொருள் தானாக எழுதியதா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. பயனர் கையால் மாற்றியதை மட்டும் சேமியுங்கள். மற்றவற்றை மாதிரிக் கோப்பு ஒன்றில் குறிப்புரையாகக் கொடுங்கள்.

ஆம், இல்லை என்ற மதிப்பைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். 'முழுமையாக்கம் = ஆம்' என்று தொடங்கினால், பிறகு 'ரொக்கத்துக்கு மட்டும்' என்ற மூன்றாம் நிலை வரும்போது இன்னொரு செட்டிங் சேர்க்க வேண்டிவரும். முதலிலேயே 'முழுமையாக்கம் = தானாக' என்று சொல்லால் எழுதினால் நான்காம் நிலையும் வந்து சேரலாம். பெயரை நேர்மறையாக வையுங்கள்; 'அச்சிடாதே = இல்லை' என்பதைப் படித்துப் புரிந்துகொள்ள யாராக இருந்தாலும் ஒரு நொடி திணறுவார்கள். அளவு இருந்தால் அலகும் இருக்கட்டும். 'காத்திருப்பு = 30' என்றால் நொடியா, மில்லி நொடியா? '30 நொடி' என்று எழுத விடுங்கள்.

தெரியாத பெயரைக் கண்டால் சும்மா தாண்டிப் போகாதீர்கள். பயனர் 'முழுமையக்கம்' என்று ஒரு கால் விட்டு எழுதியிருப்பார். மென்பொருள் ஒன்றும் சொல்லாமல் ஓடும். செட்டிங் ஏன் வேலை செய்யவில்லை என்று அவர் ஒரு மாலை முழுக்கத் தேடுவார். எஸ்எஸ்எச் சேவையகம் தெரியாத சொல்லைக் கண்டால் வரி எண்ணோடு சொல்லிவிட்டுத் தொடங்க மறுக்கும். அந்தக் கண்டிப்பு நல்லது. அதோடு நெருங்கிய பெயரையும் பரிந்துரைத்தால் இன்னும் நல்லது.

ஒரே செட்டிங் பல இடத்திலிருந்து வரலாம் என்றால் வரிசை தெளிவாக இருக்க வேண்டும். பரவலான வழக்கம் இது: கட்டளை வரியில் தந்தது எல்லாவற்றையும் வெல்லும், அடுத்து சூழல் மாறி (இயங்குதளம் மென்பொருளுக்குத் தரும் மதிப்பு), அடுத்து பயனரின் கோப்பு, அடுத்து கணினி முழுமைக்குமான கோப்பு, கடைசியாக இயல்புநிலை. வரிசையை ஆவணத்தில் எழுதினால் போதாது. 'இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது?' என்று மென்பொருளையே கேட்க முடிய வேண்டும். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் செட்டிங்குகளைப் பட்டியலிடும்போது ஒவ்வொன்றும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதையும் காட்டச் சொல்லலாம். எஸ்எஸ்எச் சேவையகத்திடம் எல்லாக் கோப்பையும் படித்துக் கடைசியில் நிலைத்த மதிப்புகளை மட்டும் அச்சிடச் சொல்லும் சோதனை முறை உண்டு. இந்த ஒரு வசதியை எழுத ஒரு நாள் ஆகலாம். பிறகு வரும் உதவிக் கேள்விகளில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். புதுத் திட்டம் தொடங்குபவர்கள் முதல் பத்து செட்டிங்குகளைச் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

மாற்றுவதும் எடுப்பதும்

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் இயல்புநிலையை மாற்றுவது, செட்டிங் சேர்ப்பதைவிடக் கடினம். கிட் இதைச் செய்த விதம் பின்பற்றத் தக்கது. கிளை பெயர் சொல்லாமல் மாற்றங்களைச் சேவையகத்துக்குத் தள்ளும்போது என்ன நடக்க வேண்டும் என்ற இயல்புநிலையை 2014 மே மாதம் வந்த 2.0 பதிப்பில் மாற்றினார்கள். அதற்கு முன்பே 1.8 வரிசைப் பதிப்புகளில், அந்தச் செட்டிங்கைத் தொடாதவர்களுக்கு எச்சரிக்கை வந்தது: இது மாறப்போகிறது, பழையபடி வேண்டுமானால் இந்த வரியைச் சேருங்கள், புதியது இப்போதே வேண்டுமானால் இந்த வரி. இரண்டு வரியும் நகலெடுத்து ஒட்டும்படி அங்கேயே இருந்தன.

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் வேறு உத்தியைக் கையாண்டது. 2012 டிசம்பரில் வந்த 3.5 பதிப்பில் இணைப்பு மேலாளர் என்ற பகுதியை மறைத்தார்கள். புதிதாக நிறுவியவர்களுக்கும் ஒரு இணைப்புகூடச் சேர்க்காதவர்களுக்கும்தான் அது மறைந்தது. ஏற்கெனவே பயன்படுத்தியவர்களுக்கு அப்படியே நின்றது. பிறகு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு செருகுநிரலும் கொடுத்தார்கள். பயனரின் தரவே அவர் விருப்பத்தைச் சொல்லும்போது தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

ஒரு செட்டிங்கை எடுப்பது என்று முடிவானால், முதல் வேலை யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடுவது. பல திறமூலத் திட்டங்கள் பயன்பாட்டுத் தரவு சேகரிப்பதில்லை, அது சரியான கொள்கையும்கூட. அதனால் பிழை அறிக்கைகளில் அந்தப் பெயரைத் தேடுங்கள், பொதுவில் கிடைக்கும் கட்டமைப்புக் கோப்புகளில் தேடுங்கள், வெளியீட்டுக் குறிப்பில் கேளுங்கள். அடுத்த பதிப்பில் செட்டிங் வேலை செய்யட்டும், கூடவே ஓர் எச்சரிக்கையும் வரட்டும். எச்சரிக்கையில் மாற்று என்ன என்பது இருக்க வேண்டும். அதற்கடுத்த பெரிய பதிப்பில், பழைய கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டுப் புதிய வடிவத்துக்குத் தானாக மாற்றிக் கொடுங்கள். பழைய பெயரை நிரல் முழுதாக மறந்துவிடக் கூடாது. யாராவது அதை எழுதினால் 'இது எடுக்கப்பட்டது, இப்போது பணம் செலுத்தும் முறையிலிருந்து தானாக முடிவாகிறது' என்று சொல்லுமளவுக்காவது நினைவில் வைத்திருக்கட்டும்.

எத்தனை காலம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆறு மாதம் எச்சரித்தோமே என்பார்கள். உபுண்டுவின் நீண்ட காலப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒன்று வருகிறது, டெபியன் என்ற வினியோகத்தின் நிலைப் பதிப்பும் ஏறக்குறைய அப்படியே. ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறை உபுண்டு 22.04-இலிருந்து நேராக 24.04-க்குத் தாவும். இடையில் வந்த உங்கள் மூன்று பதிப்புகளையும் அவற்றின் எச்சரிக்கைகளையும் அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே எச்சரிக்கைக் காலம் குறைந்தது ஒரு நீண்ட காலப் பதிப்பிலாவது முழுதாக அடங்க வேண்டும், அதாவது இரண்டு ஆண்டுக்குக் குறையாமல்.

செட்டிங் கேட்டு வருபவருக்கு என்ன சொல்வது

'இந்தச் செட்டிங் வேண்டும்' என்று ஒருவர் வந்தால், அவர் தந்த தீர்வை ஒதுக்கிவைத்து அவர் நிலைமையைக் கேளுங்கள். 'பில்லில் எழுத்து அளவை மாற்ற வசதி வேண்டும்' என்பார். ஏன் என்று கேட்டால், 58 மில்லிமீட்டர் அகலத் தாளில் தமிழ்ப் பெயர்கள் மடங்கி, விலை அடுத்த வரிக்குப் போய்விடுகிறது என்று தெரியவரும். அவருக்குத் தேவை எழுத்து அளவு இல்லை; மென்பொருள் தாள் அகலத்தைப் பார்த்து வரியைச் சரியாக மடக்க வேண்டும். 80 மில்லிமீட்டர் தாள் வைத்திருப்பவருக்கும் அது பயன்படும், செட்டிங் ஒன்றும் கூடாது.

கல்லாவில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரைப் புது நிறுவலின் முன் உட்காரவைத்து, மூன்று வேலை கொடுத்துப் பார்ப்பதும் அவசியம்: ஒரு பில் போடுங்கள், ஒரு பொருளைத் திருப்பி எடுங்கள், இன்றைய கணக்கை முடியுங்கள். உதவி செய்யாமல் அருகில் இருங்கள். அன்றாட வேலைக்காக யாராவது செட்டிங் பக்கத்தைத் தேடிப் போனால், அங்கே ஓர் இயல்புநிலை தவறாக இருக்கிறது.

மறுக்க வேண்டிவந்தால் காரணத்தோடு மறுங்கள், மாற்று வழியும் கொடுங்கள். கோலாலம்பூரில் ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் வேண்டிய பில் வடிவமென்றால், அச்சுக்கு முன் அவர்கள் நிரலை அழைக்கும் ஒரு கொக்கியை மென்பொருளில் வைத்தால் போதும். செருகுநிரலாக அவர்களே எழுதிக்கொள்ளலாம். மூலநிரலோடு 'ஏற்காத செட்டிங்குகள்' என்று ஒரு கோப்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவிலும் நான்கு விஷயம்: என்ன கேட்டார்கள், எந்த நிலைமையில் கேட்டார்கள், அந்தத் தேவையை இப்போது எது தீர்க்கிறது, என்ன மாறினால் மறுபடி பரிசீலிப்போம். அதே கோரிக்கை அடுத்த ஆண்டு வேறொருவரிடமிருந்து வரும்போது, புதிதாகச் சேர்ந்த பராமரிப்பாளர் அந்தப் பதிவைச் சுட்டிக்காட்டினால் போதும். நான்காவது வரியில் எழுதிய நிலைமை உண்மையிலேயே வந்திருந்தால், செட்டிங்கைச் சேர்த்துவிட்டுப் பதிவை நீக்கலாம்.